ஈயம் இல்லை என்றால் மட்டும் போதுமா?

பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் ஆன சூரிய மின்கலத்தில் ஈயம் இருக்கிறதே என்ற கவலை நியாயமானதுதான். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவு என்றாலும், அது நீரில் கரையக்கூடிய உப்பாக இருப்பதால் கண்ணாடி உடைந்தால் மழைநீரோடு மண்ணில் இறங்கிவிடும். (சிலிக்கான் பேனலின் பற்றவைப்பிலும் ஈயம் உண்டு, ஆனால் அது உலோகமாக இருக்கிறது, எளிதில் கரைவதில்லை.) ஈயத்துக்கு மாற்றாக 2014 முதல் வெள்ளீயக் கலங்கள் ஆராயப்படுகின்றன. இங்கேதான் சிக்கல். காற்றுப் பட்டதும் வெள்ளீய அயனி மேலும் இரண்டு எலக்ட்ரான்களை இழந்துவிடுகிறது. ஈரமும் சேர்ந்தால் ஹைட்ரோ அயோடிக் அமிலமும் அயோடினும் உண்டாகி, மிச்சமிருக்கும் பெரோவ்ஸ்கைட் படலத்தையும் அரிக்கின்றன. சிதைவே அடுத்த சிதைவுக்கு வழி வகுக்கிறது. வெள்ளீய ஃப்ளூரைடு சேர்ப்பது, வெள்ளீயத்தை ஆக்சிஜனேற்றும் டிஎம்எஸ்ஓ கரைப்பானைத் தவிர்ப்பது, பெரிய கரிம அயனிகளால் மெல்லிய காப்படுக்கு அமைப்பது, காற்றுப் புகாத உறையிடுவது ஆகியவை சிதைவின் வேகத்தைக் குறைத்திருக்கின்றன. ஆனால் சிலிக்கான் பேனலுக்கு வழக்கமாகத் தரப்படும் 25 ஆண்டு உத்தரவாதத்துக்கு ஈடாக இவை எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

உணவு டப்பாவில் பூசும் வெள்ளீயத்தால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். டப்பாவில் இருப்பது உலோகம். கலத்தில் இருப்பது அயோடைடு. 2016இல் வரிக்குதிரை மீன் கருக்களில் நடந்த ஆய்வில், வெள்ளீய அயோடைடு நீரை அமிலமாக்கியதால் ஈய அயோடைடை விடவும் கேடு செய்தது. ஆய்வகத்தில் ஆயிரம் மணி நேரம் தாங்கியதே என்றும் சொல்வார்கள். நைட்ரஜன் நிரம்பிய பெட்டிக்குள் தாங்கியது வெயிலிலும் மழையிலும் தாங்குவதற்குச் சான்றாகாது. சோலார் பேனல்களுக்கான ஐஇசி 61215 தரத்தின் ஈரவெப்பச் சோதனை 85 டிகிரி வெப்பத்தையும் 85 சதவீத ஈரப்பதத்தையும் 1000 மணி நேரம் தாங்கச் சொல்கிறது. கேட்க வேண்டிய சான்று அதுதான். சில ஆண்டுகளில் கழற்றி எறிய நேரும் பேனல், ஈயம் இல்லாததாலேயே பசுமையானதாகிவிடாது.

ஆகவே ‘ஈயமற்றது’ என்ற விளம்பரத்தைக் கண்டு முன்பணம் கட்டாதீர்கள். அந்த ஈரவெப்பச் சோதனை அறிக்கையையும், எத்தனை ஆண்டுக்குப் பின் எவ்வளவு மின்திறன் மிஞ்சும் என்ற உத்தரவாதத்தையும் எழுத்தில் கேளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சொன்னபடி இல்லையென்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். உடைந்த பேனலைக் குப்பையிலோ பழைய இரும்புக் கடையிலோ போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் சோலார் பேனல்களுக்கும் பொருந்தும். கழிவைத் திரும்பப் பெற என்ன ஏற்பாடு என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.