உங்களுக்குத் தெரியுமா? அன்று பிள்ளைகளுக்கே முதல் பந்தி!

2018 கணக்கெடுப்பின்படி நியூசிலாந்தில் சமோவா வம்சாவளியினர் 1,82,721 பேர், பெரும்பாலோர் ஆக்லாந்தில். அங்கே வாரம் முழுக்க வேலைக்கு ஓடும் சமோவா அம்மாவுக்கு ஞாயிறும் ஓய்வு கிடையாது. தேவாலயம் முடிந்ததும் சொந்தபந்தம் கூடும் விருந்து; சேப்பங்கிழங்கு இலையில் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் பொதிந்து வேகவைத்த பலுசாமி அதில் முக்கியம். உறவில் கல்யாணமோ சாவோ என்றால் பணத்தோடு பின்னல் பாயும் கொடுக்க வேண்டும். பாய்தானே என்று எண்ணிவிடாதீர்கள், நயமான ஒன்றைப் பின்ன மாதக்கணக்கில் ஆகும்!

வழக்கமாகப் பெரியவர்களுக்குப் பரிமாறிவிட்டுச் சாப்பிடும் பிள்ளைகள், அக்டோபர் இரண்டாம் ஞாயிறான 'வெள்ளை ஞாயிறு' அன்று வெள்ளை உடையில் முதல் பந்தியில் உட்காருவார்கள், பரிமாறுவது பெரியவர்கள். சமோவாவில் மறுநாள் திங்கள் அரசு விடுமுறை.