நீர்வர்ணச் சித்திரத்தில் வெற்றிடம்

உருவம் எதையும் சுட்டாத சித்திரத்தின் முன் நின்று, 'இது என்ன?' என்று கேட்டு, விடை கிடையாமையால் ஓவியர்மேல் கோபம் கொள்வது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. அக்கேள்வியைச் சற்று ஒத்திவைத்து, 'இங்கே வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?' என்று கேட்போமாயின், நீர்வர்ணச் சித்திரம் தன் ரகசியத்தைத் தானே சொல்லிவிடும்.

தைலவர்ணக்காரர் வெண்மை வேண்டிய இடத்தில் வெள்ளைச் சாயத்தை அப்பிக்கொள்ளலாம். நீர்வர்ணத்திலோ, வேலம்பிசினோடு குழைத்து நீரில் கரைத்த நிறத்துகள்கள் மெல்லிய படலமாகப் படிய, அதனூடே புகுந்த ஒளி அடியிலுள்ள காகிதத்தில் பட்டு, மீண்டும் அப்படலத்தைக் கடந்தே நம் கண்ணை அடைகிறது. ஆகையால் தூரிகை தீண்டாத இடமே படத்தில் மிகப் பிரகாசமானது. ஒருமுறை கறைபட்டால் அதன் பழைய தூய்மையை மீட்பதும் அரிது.

அந்தக் காகிதத்தில் உயர்ந்த ரகம் பருத்தி நாரால் ஆவது என்பது பஞ்சாலைச் சீமையான கோவையார்க்கு மகிழ்ச்சி தரும் சங்கதி. திருப்பூரின் பனியன் வேஸ்டிலிருந்தும் கைக்காகிதம் செய்கிறார்கள். காகிதத்தின் மேடுபள்ளங்களில் அல்ட்ராமரைன் நீலம் போன்ற நிறங்களின் துகள்கள் பள்ளத்திலே தங்க, பரப்பு பொடிப்பொடியாக மின்னும். ஈரம் உலரும்போது ஓரத்தில் ஆவியாதல் விரைவாதலின், உள்ளிருக்கும் நீர் துகள்களைச் சுமந்து அங்கே ஓடிக் கருங்கோடு இட்டுவிடும். சிந்திய காப்பி வட்டமாகக் கறைபடுவதும் இக்காரணத்தால்தான் என்று 1997இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் விளக்கினர்.

உருவமற்ற ஓவியத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக மதிக்கப்படுவதும், 1910 என்று தேதியிட்டதுமான ஓவியர் காண்டின்ஸ்கியின் படம் நீர்வர்ணமே. வர்ணத் திட்டுகளுக்கிடையே அதில் காகிதம் தாராளமாகத் தெரிகிறது. கோவையில் 1911இல் பிறந்து, 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவிய கே. சி. எஸ். பணிக்கரும் இளமையில் நிலக்காட்சி நீர்வர்ணங்களில் தேர்ந்தவர். பிற்காலத்தில், எழுத்துப் போன்ற குறிகள் நெருங்கி நிறைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்கு அவர் சென்றது பெருஞ்சாதனைதான். ஆயினும் அதன் புகழ் அந்த நீர்வர்ணங்களை மறைத்துவிட்டது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம்.

கோவை அவிநாசி சாலையிலுள்ள கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்துக்கோ வேறு கண்காட்சிக்கோ செல்லும் ரசிகர்கள், முதலில் எட்ட நின்று வெண்மை எங்கெங்கே விடப்பட்டிருக்கிறது என்று நோக்கி, பின்பு நெருங்கி விளிம்புகளைக் கவனிக்க வேண்டுகிறேன். கூரிய விளிம்பு உலர்ந்த தாளில் தீட்டியது. கலைந்து பரவியது ஈரத்தில் தீட்டியது. விட மறந்த வெண்மையை வெள்ளைச் சாயத்தால் ஒட்டுப்போட்ட இடம் ஒளி ஊடுருவாமல் மங்கித் தெரியும். அத்தகைய படத்துக்கு, அதன் வர்ணங்கள் எவ்வளவு கவர்ச்சியாயினும், நான் இரண்டாம் ஸ்தானமே கொடுப்பேன்.