பெரிய டயர் மட்டும் போதுமா? ஆஃப்-ரோடு வாகனங்களின் அச்சு கியரையும் மாற்ற வேண்டுவது ஏன்?

லடாக்கின் மலைத்தடங்கள், ராஜஸ்தானின் மணல்மேடுகள், வடகிழக்கு மாநிலங்களின் சேற்றுப் பாதைகள் எனக் கரடுமுரடான பயணங்களை நாடுவோர், மஹிந்திரா தார், மாருதி சுசூகி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா போன்ற நான்கு சக்கர இயக்க வாகனங்களை விரும்புகின்றனர். வாங்கியதும் பெரிய டயர்களைப் பொருத்துவோரும் உண்டு. இதனால் வாகனத்தின் அடிப்பகுதி உயர்ந்து, பாறைகளையும் பள்ளங்களையும் கடப்பது எளிதாகிறது. ஆனால் அச்சின் கியர் விகிதத்தையும் அதற்கேற்ப மாற்றாவிட்டால், ஏற்றத்தில் இழுவைத் திறனும் இறக்கத்தில் கட்டுப்பாடும் குறைகின்றன.

கியர் விகிதம் என்பது என்ன?

என்ஜினின் சுழற்சி, கியர்பாக்ஸைக் கடந்து ஷாஃப்ட் வழியாக அச்சிலுள்ள டிஃபரன்ஷியலை அடைகிறது. அங்கு பினியன் எனும் சிறிய பற்சக்கரம், கிரவுன் எனும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுனில் 41 பற்களும் பினியனில் 10 பற்களும் இருந்தால் விகிதம் 4.10 ஆகும். அதாவது, ஷாஃப்ட் 4.10 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும்.

பெரிய டயரால் நேர்வது என்ன?

30 அங்குல டயருக்குப் பதிலாக 33 அங்குல டயரைப் பொருத்தினால், சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தொலைவு 10 சதவீதம் கூடுகிறது. என்ஜின் அதே முறுக்குவிசையைத் தந்தாலும், தரையில் கிடைக்கும் இழுவை சுமார் 9 சதவீதம் குறைகிறது. பிரேக்கின் தடுப்பு விசையும் அதே அளவு குறைகிறது. செங்குத்தான ஏற்றத்தில் என்ஜின் திணறுவதால், ஓட்டுநர் கிளட்சை அரைகுறையாக அழுத்தியபடி ஓட்ட நேர்ந்து, அது விரைவில் தேய்கிறது. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் சென்றாலும் வாகனம் முன்னைவிட வேகமாக இறங்குகிறது.

உயரமான இடங்களில் இச்சிக்கல் மேலும் கூடும். லடாக்கின் உம்லிங் லா கணவாய் 19,024 அடி உயரத்தில் உள்ளது. அங்கு காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின்கள் அங்கு ஆற்றலில் பெரும்பகுதியை இழக்கின்றன.

தீர்வு என்ன?

பழைய விகிதத்தைப் புதிய டயரின் விட்டத்தால் பெருக்கி, பழைய டயரின் விட்டத்தால் வகுக்க வேண்டும். மேற்கண்ட உதாரணத்தில் விடை 4.51. கிரவுனில் 41, பினியனில் 9 பற்கள் கொண்ட இணை 4.56 என்ற விகிதத்தைத் தரும். அதைப் பொருத்தினால் இழந்த இழுவை மீண்டும் கிடைக்கும். பிரேக்கின் குறைபாடு மட்டும் இதனால் நீங்காது. அதைத் தனியே கவனிக்க வேண்டும்.

முன், பின் அச்சுகள் இரண்டிலும் ஒரே விகிதம் இருப்பது கட்டாயம். பின் அச்சில் மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால், இரு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று, டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையக்கூடும்.

பற்களுக்கு இடையிலான இடைவெளி மில்லிமீட்டரின் சிறு பின்ன அளவில் சரிசெய்யப்படுவதால், இப்பணிக்கு அனுபவமிக்க மெக்கானிக் தேவை. புதிய கியர்களைத் தொடக்கத்தில் அதிகச் சுமையின்றி மிதமான வேகத்தில் ஓட்டிப் பழக்கி, முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்குப் பின் கியர் ஆயிலை மாற்றுவது நல்லது.

வேகமானியையும் கவனிக்க வேண்டும். சக்கரங்களில் உள்ள சென்சார்களைக் கொண்டு வேகம் கணக்கிடப்படும் வாகனங்களில், கியரை மாற்றினாலும் பிழை நீங்காது. உண்மையான வேகம் 110 கிலோமீட்டராக இருக்கும்போது வேகமானி ஏறக்குறைய 100 என்றே காட்டும். மின்னணுக் கட்டுப்பாட்டு அமைப்பைத் தனியே மறுசீரமைக்க வேண்டும்.

சட்டம் கூறுவது

உற்பத்தியாளர் நிர்ணயித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்க, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

எனவே, டயரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கியர், பிரேக், வேகமானி ஆகியவற்றுக்கான செலவையும் கணக்கிட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் விளக்கம் பெறுவது நல்லது.