தூண்டில் கோலைத் தாங்குவது எது?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளில் நீர் நிறைந்து நிற்கும். தாமல், தென்னேரி, உத்திரமேரூர் போன்ற ஏரிகளின் கரையில் தூண்டில் போடுவோர் சிலரையேனும் அப்போது காணலாம். மீன் எப்போது கடிக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? கோலைக் கையில் பிடித்தபடியே மணிக்கணக்கில் நிற்பது எளிதன்று. ஆகவே, கிளை பிரிந்த ஒரு கவைக்குச்சியைக் கரையில் ஊன்றி, அதன் மேல் கோலைச் சாய்த்து வைத்துவிட்டு, நீரில் மிதக்கும் தக்கையைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள்.

சாதாரணக் குச்சிதானே, இதில் என்ன அறிவியல் இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் ஒரு விரால் மீன் திடீரென்று இழுக்கும்போது கோல் கரையிலேயே நிற்குமா, அல்லது மீனோடு ஏரிக்குள் போய்விடுமா என்பதைத் தீர்மானிப்பது இந்தக் குச்சிதான். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எங்கே ஊன்றுவது என்பதைக் காண்போம்.

தாங்குவதும் பிடிப்பதும்

காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருக்களில் காலை வேளையில் பட்டுப் பாவை நீளமாக நீட்டி வைத்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். பாவின் இடையிடையே மூங்கில் குச்சிகளைக் குறுக்கு நெடுக்காகக் கட்டி முட்டுக் கொடுத்திருப்பார்கள். அவை பாவின் எடையை மட்டுமே தாங்குகின்றன. பாவை விறைப்பாக இழுத்துப் பிடித்திருப்பவை இரு முனைகளிலும் உள்ள கட்டுகள். தாங்குவது ஒரு வேலை. பிடிப்பது இன்னொரு வேலை.

தூண்டிலுக்கும் இதே இரண்டு வேலைகள் உண்டு. கவைக்குச்சி கோலைக் கீழிருந்து தாங்குகிறது. ஆனால் மீன் கோலின் நுனியைக் கீழே இழுத்தால், கவையையே ஆதாரமாகக் கொண்டு கோலின் அடிப்பகுதி மேலே எழும்பும். அதை எழவிடாமல் அமுக்கிப் பிடிக்க ஏதாவது வேண்டும். கொக்கி போல் வளைந்த ஒரு முளையை அடிப்பகுதியின் மேல் மாட்டித் தரையில் அடிப்பது இதற்காகத்தான். கவை, முளை ஆகிய இரண்டும் சேர்ந்ததே முழுமையான தாங்கி ஆகும்.

ஒரு சிறு கணக்கு

நெம்புகோல் தத்துவத்தை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். விசையை, ஆதாரத்திலிருந்து அதற்குள்ள தொலைவால் பெருக்கினால் கிடைப்பது விசையின் திருப்புத்திறன். இருபுறமும் திருப்புத்திறன் சமமாக இருந்தால் கோல் அசையாது நிற்கும்.

மூங்கில் கோல் ஒன்றின் நீளம் 3 மீட்டர், எடை 5 நியூட்டன் (ஏறத்தாழ அரைக் கிலோகிராம் நிறை) என்று கொள்வோம். மூங்கில் அடிப்பக்கம் தடித்திருப்பதால் அதன் புவியீர்ப்பு மையம் அடியிலிருந்து 1.2 மீட்டரில் இருக்கட்டும். கோல் படுக்கைவாட்டில் இருக்கிறது என்றும், மீன் நுனியை 10 நியூட்டன் விசையுடன் கீழ்நோக்கி இழுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு கிலோ எடைக்கல்லை நுனியில் தொங்கவிட்டதைப் போன்ற இழுப்பு.

முதலில் கவையை அடியிலிருந்து 0.6 மீட்டரில் ஊன்றுவோம். மீனின் திருப்புத்திறன் 10 × 2.4 = 24. கோலின் எடையால் வருவது 5 × 0.6 = 3. மொத்தம் 27 நியூட்டன் மீட்டர். இதை ஈடுசெய்ய முளை கொடுக்க வேண்டிய விசை 27 ÷ 0.6 = 45 நியூட்டன். மீன் இழுப்பது ஒரு கிலோ. முளையைப் பிடுங்க முயல்வதோ நாலரைக் கிலோ! கவையின் மேல் விழும் சுமை 45 + 5 + 10 = 60 நியூட்டன்.

இப்போது கவையை 1.2 மீட்டருக்கு நகர்த்துவோம். கோலின் எடை நேரே கவையின் மேல் விழுவதால் அதற்குத் திருப்புத்திறன் இல்லை. மீனுடையது 10 × 1.8 = 18. முளை கொடுக்க வேண்டியது 18 ÷ 1.2 = 15 நியூட்டன் மட்டுமே. கவையின் சுமையும் 30 நியூட்டனாகப் பாதியாகிறது. அதே குச்சி, அதே கோல், அதே மீன். கவை இரண்டடி நகர்ந்ததால் முளையின் மேல் உள்ள இழுப்பு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

அப்படியானால் கவையை இன்னும் முன்னே தள்ளலாமே என்று கேட்பீர்கள். தள்ளலாம், ஆனால் கவை நீருக்குள் போய்விடும். கோலின் வளையக்கூடிய பகுதியும் குறைந்துவிடும். மூங்கில் வளைந்து கொடுப்பதால்தான் மீனின் திடீர் வெட்டு இழுப்பு மெல்ல மெல்ல முளைக்கு வந்து சேர்கிறது.

உறைந்த ஏரியின் மேல்

இனி முற்றிலும் வேறுபட்ட ஓர் ஏரிக்குச் செல்வோம். கனடாவின் டொராண்டோ நகரில் தமிழர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். அந்நகருக்கு வடக்கே உள்ளது சிம்கோ ஏரி. குளிர்காலத்தில் அது உறைந்ததும், மக்கள் பனிக்கட்டியின் மேல் நடந்து சென்று, அதில் வட்டமாகத் துளையிட்டுத் தூண்டில் போடுகிறார்கள்.

ஏரி உறைந்த பின் மீன் எப்படி உயிர் வாழ்கிறது? நீர் 4 டிகிரி செல்சியசில்தான் மிக அதிக அடர்த்தி கொண்டது. அதனினும் குளிர்ந்த நீர் இலேசாகி மேலே வந்துவிடுகிறது. பனிக்கட்டி இன்னும் இலேசானது. அதன் அடர்த்தி நீருடையதில் ஏறத்தாழ 92 சதவீதம்தான். ஆகவே ஏரி மேலிருந்து கீழாக உறைகிறது. அடியில் மீன்கள் நீந்துகின்றன.

இங்கே துளை காலடியிலேயே இருப்பதால் நீண்ட கோல் தேவையில்லை. முக்கால் மீட்டர் நீளமே போதும். கோல் குட்டையானால் திருப்புத்திறனும் குறையும். ஆனால் புதிய தொல்லை ஒன்று வருகிறது: பனிக்கட்டியில் முளை அடிப்பது எளிதன்று. தாங்கி தன் எடையால்தான் நிற்க வேண்டும்.

ஒரு கிலோ நிறையுள்ள தாங்கியைத் துளையின் ஓரத்தில் வைக்கிறோம். அதன் புவியீர்ப்பு மையம் முன்காலுக்கு 10 செ.மீ. பின்னேயும், கோலின் நுனி 30 செ.மீ. முன்னேயும் இருந்தால், மூன்றில் ஒரு கிலோ இழுப்பே அதைக் கவிழ்த்துவிடும். இதனால்தான் சிலர் தாம் உட்காரும் வாளியின் விளிம்பிலேயே கோல் தாங்கியை மாட்டிக்கொள்கிறார்கள். ஆளின் எடையே முளையின் வேலையைச் செய்கிறது.

இன்னொரு வழி இதைவிட நேர்த்தியானது. துளையின் குறுக்கே இருபுறமும் பனிக்கட்டியில் படியும்படி ஒரு மரச்சட்டத்தை வைக்கிறார்கள். நூல் சட்டத்தின் நடுவிலிருந்து நேரே கீழே இறங்குகிறது. மீன் இழுக்கும் இடம் இரு கால்களுக்கும் இடையில் அமைவதால், கீழ்நோக்கி எவ்வளவு பலமாக இழுத்தாலும் சட்டம் மேலும் அழுந்துமே தவிரக் கவிழாது. நூல் சுற்றிய உருளையை நீருக்குள் அமிழ்த்திவிடுவதால் அது உறைந்து இறுகுவதில்லை. மீன் இழுத்ததும் ஒரு விசைக்கொக்கி விடுபட்டுச் சிறு கொடி மேலே எழுந்து சேதி சொல்லும்.

பொருளையும் பார்க்க வேண்டும். அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். கடுங்குளிரில் அதைத் தொட்டால் கையின் வெப்பம் விரைந்து வெளியேறும். சிலவகைப் பிளாஸ்டிக்குகள் குளிரில் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். ஆகவே மரம் அல்லது ரப்பர் உறையிட்ட பிடி நல்லது.

நம் ஏரிக்குத் திரும்புவோம்

கவைக்குச்சி தேர்ந்தெடுக்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கவை, கோலின் புவியீர்ப்பு மையத்துக்கு அருகில் உள்ளதா? அடியை அமுக்கிப் பிடிக்க முளை இருக்கிறதா? மாடு கட்டும் முளையைப் போல அது இழுப்புக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடிக்கப்பட்டுள்ளதா? மீன் கடித்ததும் கோலை ஒரே வீச்சில் எடுக்க முடிகிறதா?

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. மீன் கரையை விட்டு விலகி ஓடினால் அது கோலை நீளவாக்கில் உருவும். கவையோ முளையோ அதைத் தடுக்காது. கோலின் அடியை ஒரு கயிற்றால் முளையோடு கட்டிவிடுங்கள். பல ஏரிகளில் மண் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கின்றன. இரண்டடி ஆழமென்று இறங்கினால் அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும் ஆழம் இருக்கலாம். நீரில் போன கோலைத் தேடி ஒருபோதும் இறங்காதீர்கள். அந்த அவசியமே நேராமல் காப்பது ஒரு முழக் கயிறு.

செய்து பாருங்கள்

30 செ.மீ. அளவுகோலின் ஒரு நுனியில் ஓர் அழிப்பானை நூலால் கட்டுங்கள். அளவுகோலுக்கு அடியில் ஒரு பென்சிலைக் குறுக்கே பிடித்து, மறு நுனியை விரலால் அமுக்குங்கள். விரல் பக்கத்திலிருந்து 5, 10, 15 செ.மீ. தொலைவுகளில் பென்சிலை வைத்து, விரல் உணரும் விசையை ஒப்பிடுங்கள். அளவுகோலின் எடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அழிப்பானின் எடையைப் போல முறையே ஐந்து மடங்கு, இரண்டு மடங்கு, ஒரு மடங்கு விசை தேவைப்படும். எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை எப்படி மாறும்? நீங்களே கண்டுபிடியுங்கள்.