வாடகைப் பெட்டிக்குப் பின்னால் சொந்த ரூட்டர்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவர் மெல்லிய கேபிளை ஜன்னலோரமாக இழுத்து, வெள்ளைப் பெட்டியைச் சுவரில் மாட்டி, "பாஸ்வேர்டு அடியிலயே ஒட்டியிருக்கு சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். பல வீடுகளில் இணையப் பாதுகாப்பு அந்த ஸ்டிக்கரோடு சரி.

பெட்டி ஓடுவது நம் வீட்டுக் கரண்டில். பிடி நிறுவனத்தின் கையில். டிஆர்-069 என்ற முறையில் அவர்கள் தங்கள் இடத்திலிருந்தே அதன் மென்பொருளை மாற்றலாம், செட்டிங்கைத் திருத்தலாம். லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது என்பதால் இது அவர்களுக்குத் தேவைதான். ஆனால் அதே வாசலை மற்றவர்களும் தட்டுகிறார்கள். 2016 நவம்பரில் மிராய் வகை நச்சுநிரல் ஒன்று டிஆர்-069 பயன்படுத்தும் 7547 போர்ட்டைத் தேடி உலகமெங்கும் அலைந்தபோது, ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேருக்கு இணைப்பு போனது. அந்த ரூட்டர்களுக்குள் நிரல் நுழையவே இல்லை. தட்டிய தட்டிலேயே அவை திணறி விழுந்துவிட்டன! 2017 ஜூலையில் நம் பிஎஸ்என்எல் மோடம்களும் ஆயிரக்கணக்கில் முடங்கின; பயனர்பெயரும் பாஸ்வேர்டும் 'அட்மின்' என்றே விடப்பட்டிருந்த மோடம்கள்தான் அடிவாங்கின. அமெரிக்காவில் 2023 அக்டோபரில் ஒரே நிறுவனத்தின் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட்டர்கள் மூன்றே நாளில் செத்துப்போயின. பெட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே அந்தப் பெட்டியைத் தெருவாக நினைத்துக்கொள்வதே நல்லது. வாசற்கதவு அதற்கு உள்பக்கம் இருக்கட்டும். அதாவது, சொந்தக் காசில் ஒரு ரூட்டர். பெட்டியின் லேன் துளையிலிருந்து ஒரு கேபிள் எடுத்து ரூட்டரின் வான் துளையில் செருகுங்கள். போன், லேப்டாப் எல்லாம் இனி ரூட்டரோடுதான் பேச வேண்டும். பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

பெட்டியை, இணைப்பை அப்படியே ரூட்டருக்குக் கடத்திவிடும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எல்லா நிறுவனமும் சம்மதிக்காது. மறுத்தால் பெட்டியும் ரூட்டரும் ஆளுக்கொரு முறை முகவரி மாற்றும் 'டபுள் நாட்' வரும். வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்புகளுக்கு அது இடைஞ்சல். சில ஆன்லைன் கேம்கள் முரண்டு பிடிக்கும். படம் பார்க்கவும் பணம் அனுப்பவும் ஒரு குறையும் வராது. கவனிக்க வேண்டிய சிக்கல் வேறு: இரண்டுமே 192.168.1.1 என்ற முகவரியில் உட்கார்ந்திருந்தால் நெட் வராது. ரூட்டரை 192.168.50.1 என்று மாற்றினால் தீர்ந்தது.

தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ரூட்டரில் வேறு டிஎன்எஸ் எண்ணைப் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பு. கேள்வி அதே பெட்டி வழியாகத்தானே வெளியே போகிறது? வழியில் படிக்கலாம், திருப்பியும் விடலாம். மறையாக்கம் செய்து அனுப்பும் வசதி உள்ள ரூட்டராகப் பார்த்து வாங்குங்கள். எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்றும் கேளுங்கள். கடைக்காரர் ஆன்டெனா எண்ணிக்கையைத்தான் சொல்வார்.

பாஸ்வேர்டு அடிக்காமலே இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ், கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பி இரண்டையும் அணைத்துவிடலாம். புதிய முகவரி முறையான ஐபிவி6 வருகிறதென்றால் ரூட்டரில் அதற்கான ஃபயர்வால் ஓடுகிறதா என்று பாருங்கள். விலை மலிவான கேமரா, டிவி எல்லாம் கெஸ்ட் வைஃபையில் இருக்கட்டும். லேண்ட்லைன் போன் மட்டும் பழைய பெட்டியிலேயே கிடக்கட்டும், அதை நகர்த்த வேண்டாம்.

நிறுவனத்து ஆள் ரிப்பேருக்கு வந்து பெட்டியை ரீசெட் செய்தால் அணைத்த வைஃபை மறுபடி முளைத்துவிடும். அவர் படியிறங்கியதும் போனை எடுத்து, ஸ்டிக்கரில் உள்ள பெயர் வைஃபை பட்டியலில் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.