கைக்குச் சூடு, கம்பிக்குப் பியூஸ்



விருத்தாசலத்தில் இருந்துகொண்டு மோட்டார் சைக்கிள் கைப்பிடியைச் சூடாக்கும் கருவியைப் பற்றி எழுதுகிறேன் என்றால் சிரிப்பீர்கள். சித்திரை வெயிலில் பத்து நிமிடம் வண்டியை வெளியே நிறுத்தினால் நம் ஊரில் கைப்பிடி தானே சுடும். நான் விற்பதோ பீங்கான் சரக்கு. பியூஸ் கேரியர், இன்சுலேட்டர், சுவிட்ச் சாமான் இவைதான் நாற்பது வருடமாக என் மொத்த வியாபாரம். ஆனாலும் இந்தக் கருவியால் நான் ஒரு பாடம் படித்தேன். அது நம் கடைக்காரர்கள் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

ஊட்டியில் மின்சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர் என் பழைய வாடிக்கையாளர். 2022 டிசம்பரில் வசூலுக்காகப் போனவன் அவர் வீட்டில் தங்கினேன். தலைகுந்தா பக்கமெல்லாம் விடியற்காலையில் புல்வெளி உப்புப் பூத்தது போல வெளுத்துக் கிடக்கும் காலம் அது. தேயிலைத் தொழிற்சாலைகள் இரவிலும் ஓடுகிறவை. பியூஸ் போனாலும் மோட்டார் நின்றாலும் அதிகாலை நாலு மணிக்கே அவர் மகனுக்குப் போன் வரும். அன்றும் வந்தது. பையன் 100 சிசி வண்டியில் கிளம்பிப் போனான். திரும்பி வந்தவன் அடுப்பருகே உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "பெரியப்பா, வளைவில் பிரேக்கைப் பிடித்தேனா இல்லையா என்றே விரலுக்குத் தெரியவில்லை."

கையுறை போட்டிருந்தும் அந்த நிலை. மலைச் சாலையில் பிரேக் பிடிக்கும் விரல் மரத்துப்போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த வாரம் சென்னைக்குப் போனபோது ஒரு கடையில் இந்தக் கைப்பிடி செட்டைப் பார்த்தேன். விலை சல்லிசு. பையனுக்கு ஒன்று வாங்கிப் பார்சலில் அனுப்பினேன். பெட்டிக்குள் இரண்டு கைப்பிடி, ஒரு சுவிட்ச், நீளமான ஒயர் மட்டுமே இருந்தன. பியூஸ் இல்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

கருவி என்ன, கணக்கு என்ன?

ரப்பர் கைப்பிடிக்குள் மெல்லிய சூடேற்றும் கம்பி இருக்கும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் தத்துவம்தான். இதில் இரண்டு வகை உண்டு. பழைய கைப்பிடியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது ஒன்று. இருக்கும் கைப்பிடிக்கு அடியில் சூடேற்றும் பட்டையை ஒட்டுவது மற்றொன்று.

ஒரு செட் 36 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டால் வகுத்தால் 3 ஆம்பியர். சிறிய வண்டிகளின் பேட்டரியே ஏறக்குறைய 3 ஆம்பியர் மணிதான். என்ஜினை நிறுத்திவிட்டு இதை எரியவிட்டால் ஏட்டுக் கணக்கில் ஒரு மணி நேரம்; நடைமுறையில் அதற்கு முன்பே வண்டி ஸ்டார்ட் ஆகாது. மேலும் 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இருசக்கர வண்டிகளில் முன்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் செலவும் சேர்ந்தால் சின்ன வண்டியில் மீதமாகும் மின்சாரம் கொஞ்சம்தான். 350 சிசி போன்ற பெரிய வண்டிகள் தாங்கும். சின்ன வண்டிக்குக் குறைந்த வாட் செட்டே பொருந்தும். வரவறிந்து செலவு செய்வது பெட்டிக்கடைக்கு மட்டும் உரிய விதியல்ல.

நடந்தது

அங்கிருந்த மெக்கானிக் ஒயரை நேராகப் பேட்டரியில் இணைத்துவிட்டார். முதல் வாரமே பையன் சுவிட்சை அணைக்க மறந்தான். காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. அதை எல்லோரும் சிரித்து விட்டுவிட்டோம்.

இரண்டாம் மாதம் நடந்தது சிரிக்கும்படியானது அல்ல. ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில் ஒயர் உரசி உரசி மேல்தோல் கிழிந்து, செம்பு இரும்புச் சட்டத்தில் பட்டுவிட்டது. பேட்டரியில் இருந்த அத்தனை சக்தியும் அந்த ஒயர் வழியாகப் பாய்ந்தது. பெட்ரோல் டேங்குக்கு அடியில் புகை. பையன் மின்வேலை தெரிந்தவன் என்பதால் வண்டியை நிறுத்தி, சீட்டைத் தூக்கி, பையில் இருந்த கட்டிங் பிளேயரால் ஒயரை வெட்டினான். இரண்டு விரல் கொப்பளித்தது. இன்னும் சிறிது தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

ஊரெல்லாம் பியூஸ் விற்பவன் நான். நான் கொடுத்த பொருளில் பியூஸ் இல்லை. அவன் தகப்பனார் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "விடுங்கண்ணே, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சரியாகப் பொருத்தும் முறை

பிறகு விவரம் அறிந்தவர்களிடம் கேட்டு, உடனிருந்து மறுபடி பொருத்தினோம். அதன் சாரம் இது:

1. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் காப்பது அதற்கு அப்பால் உள்ள ஒயரை மட்டுமே. 3 ஆம்பியர் கருவிக்கு 5 ஆம்பியர் பியூஸ் போதும். வண்டிப் பியூஸில் வெளிர் பழுப்பு நிறம் 5, சிவப்பு 10, நீலம் 15. அடிக்கடி போகிறதே என்று பெரியதைப் போடுவது, கேரியரில் தடித்த கம்பியைச் சுற்றுவது போன்ற தவறு.

2. இடையில் ஒரு ரிலே வேண்டும். 30-ஆம் முனை பியூஸ் வழியாகப் பேட்டரிக்கு, 87 கருவிக்கு. 85, 86 இரண்டில் ஒன்று எர்த்துக்கு, மற்றது சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயருக்கு. சாவியை எடுத்தால் கருவி தானே அணையும், மறதிக்கு இடமில்லை.

3. வலதுபக்கக் கைப்பிடி ஆக்சிலேட்டரோடு சேர்ந்து திரும்பும். அதன் ஒயருக்குத் தளர்வு விட வேண்டும். முழுதாகத் திருகி விட்டால் அது தானே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். கொஞ்சம் பிடித்தாலும் வண்டியை எடுக்கக் கூடாது. ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பி, ஒயர் இழுபடுகிறதா, நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

4. பசை முழுதாகக் காயும்வரை வண்டியைத் தொடக் கூடாது. சுழன்றுவிடும் கைப்பிடி, சில்லிட்ட கைப்பிடியைவிட ஆபத்தானது.

5. இடது கைப்பிடி சூடு குறைவாகத் தோன்றினால் பழுது என்று எண்ண வேண்டாம். வலதுபுறம் பிளாஸ்டிக் குழாயின் மேல் உட்காருகிறது. இடதுபுறம் நேராக இரும்பின் மேல். இரும்பு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். இன்சுலேட்டர் செய்யும் ஊர்க்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சர்க்கரை நோயால் கையில் உணர்ச்சி குறைந்தவர்கள் குறைந்த சூட்டிலேயே வைக்க வேண்டும். சுடுவது அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். புது வண்டி என்றால் ஒயரை வெட்டுமுன் உத்தரவாத அட்டையையும் படித்துவிட வேண்டும்.

நம் கடமை

நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணைக் கொண்டு பீங்கான் தொழில் வளர்ந்த ஊர் இது. நம் தொழிற்பேட்டையில் சூளையிலிருந்து வெளிவரும் ஒரு பியூஸ் கேரியர் விலையில் அற்பம். அது காப்பது ஒரு வீட்டை. அந்தப் பெருமையில் நாற்பது வருடம் வியாபாரம் செய்தவன், ஒரு சின்ன பியூஸைக் கவனிக்காமல் விட்டேன்.

வண்டி உபரி சாமான் விற்கும் அன்பர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கைப்பிடியோ, கூடுதல் விளக்கோ, ஹாரனோ, எதை விற்றாலும் பெட்டியைத் திறந்து பாருங்கள். பியூஸ் இல்லையென்றால் ஒரு பியூஸும் அதன் உறையும் சேர்த்துக் கொடுத்து அந்த விலையையும் பில்லில் போடுங்கள். வாங்குகிறவர் முணுமுணுத்தால் காரணத்தைச் சொல்லுங்கள். சரக்கு கைமாறியவுடன் நம் பொறுப்பு தீர்ந்தது என்று வாய் சொல்லலாம், மனசு சொல்லாது.

பையன் இன்றும் அதே வண்டியில்தான் அதிகாலையில் போகிறான். கை சூடாக இருக்கிறதாம். நான் ஊட்டிக்குப் போகும்போதெல்லாம் முதலில் சீட்டைத் தூக்கி அந்தப் பழுப்பு நிறப் பியூஸைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறேன்.