உறங்காத இரவுகள்

பட்டு நெய்யும் நம் ஆரணியில், தறிச் சத்தம் அடங்கிய பிறகும் கூலியையும் கடனையும் எண்ணி விழித்துக் கிடப்போர் உண்டு. வாரத்தில் 3 இரவாவது உறக்கம் வராத நிலை 3 மாதம் நீடித்தால், மருத்துவம் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறது. மனச்சோர்வு தூக்கத்தைக் கெடுக்கும். கெட்ட தூக்கம் மனச்சோர்வையும் பதற்றத்தையும் வளர்க்கும். பாவும் ஊடையும்போல இரண்டும் பின்னிக்கொள்கின்றன. ஒன்றுக்குச் சிகிச்சை அளித்தால் மற்றதும் தேறக்கூடும்.

சாக விரும்பிய எலியாவை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. உண்ணச் சொன்னார், மீண்டும் உறங்கவிட்டார். நாமும் தூங்காதவரை நம்பிக்கை குறைந்தவர் என்று சொல்லாதிருப்போம். மதுவையோ, தாமாக வாங்கும் மாத்திரையையோ நாடவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். டெலி மானஸ் இலவச எண் 14416. இரவிலும் தமிழில் பேசலாம். நம் வீட்டில் விழித்திருப்பவர் யாரென்று இன்றே கேட்போம்.